ஊசி நூலுக்கு யார் கணக்கு எழுதுவது?

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு போர்வையை விரித்தார்கள். பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். முழுக்க முழுக்கக் குரோஷா ஊசியால் பின்னியது. உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் பதிவு கொடுத்தது. பின்னியவர்கள் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பித்தது. ஆயிரம் பேருக்கு மேல் கைவைத்த வேலை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் பின்னி, கொண்டுவந்து சேர்த்துக் கோர்த்திருக்கிறார்கள்.

யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. பிடித்துப்போய்ச் செய்தது.

காமர்ஸ் படிக்கிறவள் ஊசி நூல் பற்றி எழுதுகிறாளே என்று ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் போர்வைச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியதே கணக்குதான். இரண்டே முக்கால் ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? அந்த மணி நேரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? உழைப்பா, ஓய்வா? தேடிப் போனபோது ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தக் கேள்வி நம் நாட்டில் கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக இருக்கிறது. பதில் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது. யார் பின்னினார்கள், எங்கே உட்கார்ந்து பின்னினார்கள் என்பதைப் பொறுத்து!

முதலில் ஒரு சின்ன விளக்கம். நிட்டிங், குரோஷா இரண்டையும் 'உல்லன் வேலை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவோம். நிட்டிங்குக்கு இரண்டு நீள ஊசி. ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊசியில் நிற்கும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி வைத்த ஒரே ஊசி. ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. நம் அம்மாக்கள் காலத்தில் டிவி மேலும் பிரிட்ஜ் மேலும் விரித்திருந்த வெள்ளை நூல் விரிப்பு, வாசலில் தொங்கிய உல்லன் தோரணம், இதெல்லாம் பெரும்பாலும் குரோஷாதான். குவில்ட் என்பது வேறு ஜாதி: பழைய துணிகளை அடுக்கி ஒட்டுப்போட்டுத் தைக்கும் மெத்தைப் போர்வை.

இந்த வித்தியாசத்தில் ஒரு பெரிய பொருளாதாரமே ஒளிந்திருக்கிறது. நிட்டிங்குக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார், காலுறை பின்ன. அந்த வம்சத்தின் கொள்ளுப் பேரன்கள்தான் இன்று திருப்பூரில் பனியன் துணியாக ஓட்டித் தள்ளும் வட்டப் பின்னல் இயந்திரங்கள். நிட்டிங் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அங்கே ஷிஃப்ட் வந்தது, பி.எஃப். வந்தது, சங்கம் வந்தது, வேலைநிறுத்தமும் வந்தது. குரோஷாவை அதேபோல் தொழிற்சாலை அளவில் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை வரவில்லை. கடையில் 'குரோஷா டாப்ஸ்' என்று விற்பதில் பல, வேறு வகை இயந்திரத்தில் அதே தோற்றத்துக்காகச் செய்தவை. நிஜமான குரோஷா என்றால், அது 200 ரூபாய்க்கு விற்றாலும் 20,000 ரூபாய்க்கு விற்றாலும், எங்கோ ஒருவர் கையில் ஊசியோடு உட்கார்ந்து செய்ததுதான்.

இயந்திரம் வரவில்லை, அதனால் தொழிற்சாலையும் வரவில்லை. வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது. வீட்டில் செய்வதற்கு யார் வருகைப் பதிவேடு வைக்கிறார்கள்?

இனி நாகர்கோவிலுக்குப் போவோம். 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் அங்கே வந்தார்கள். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். மார்த்தா பெண்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளி நடத்தினார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்ட காலம். படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். இது குரோஷா இல்லை, பாபின் லேஸ். உருளைத் தலையணை மேல் டிசைனை விரித்து, குண்டூசிகள் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

அந்த லேஸை இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் வாங்கினார்கள். பின்னிய பெண்களுக்குக் காசு கிடைத்தது. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுதாகச் சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, அடிமைகளாகப் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் விலையைத் தானே சம்பாதித்துக் கட்டுவது! அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதே நாகர்கோவில் பகுதியில் அதே வருஷங்களில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. மேலாடை போடும் உரிமைக்காக அடி வாங்கிய ஊரில், சீமாட்டிகளின் சட்டைக் கழுத்துக்கு லேஸ் பின்னப்பட்டது. இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. 1844-இல் அவர் மணந்தவரைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் கால்டுவெல். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். அவர்கள் வாழ்ந்த திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் எலைசாவும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். தேரிக் காட்டு ஊர், பனை ஏறும் குடும்பங்கள். அங்கே பெண்கள் கையில் காசு புழங்க ஒரு வழி. கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. ஒப்பிலக்கணம் பற்றி பள்ளியில் இரண்டு மார்க் கேள்வியும் உண்டு. இடையன்குடி லேஸ் பற்றி ஒரு வரி கூட நான் பள்ளியில் படித்ததில்லை :-)

1897-இல் பெல்ஜியத்திலிருந்து மாரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி முளகுமூடு வந்தார். அவர் வந்தது ஈப்பர் என்ற நகரத்திலிருந்து, லேஸுக்குப் பேர்போன ஊர். முளகுமூடு கான்வென்டிலும் லேஸ் வேலை வேரூன்றியது. ஆக, குமரி மாவட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்குள் லேஸ் என்பது வீட்டுத் திண்ணை வேலையாகவே ஆகிவிட்டது.

குரோஷாவுக்கு வருவோம். அதற்கு ஒரு பஞ்சத்தின் கதை உண்டு. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள். அந்தக் காலத்தில் கான்வென்டுகள் ஏழைப் பெண்களுக்கு குரோஷா சொல்லிக்கொடுத்தன. பாபின் லேஸை விட வேகமாகப் பின்னலாம், ஒரு ஊசியும் நூலும் இருந்தால் போதும். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை, மூன்றாமவள் எல்லாவற்றையும் கோர்ப்பாள். லண்டன், பாரிஸ் கடைகளுக்குப் போயிற்று. பல குடும்பங்கள் உயிர் பிழைத்தது இதனால்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விக்டோரியா மகாராணி. அவருக்கும் குரோஷா தெரியும். 1900-இல், போயர் யுத்தத்தில் இருந்த வீரர்களுக்காக எட்டு ஸ்கார்ஃப் தன் கையால் பின்னிக் கொடுத்தார். வாங்கியவர்கள் அதைப் பதக்கம் மாதிரி பாதுகாத்தார்கள். அதே கொக்கி ஊசிதான். ராணி பின்னினால் அது கௌரவம், அயர்லாந்துக்காரி பின்னினால் அது பஞ்ச நிவாரணம். சரி, நம் பக்கத்து மாநிலத்துப் பெண் பின்னினால்?

ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பகுதியில் நரசாபுரம் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அங்கே இந்தக் கலையைக் கொண்டுவந்தார்கள். ஏழைக் கிறிஸ்தவப் பெண்களிடம் ஆரம்பித்து, பிறகு மற்ற சமூகப் பெண்களுக்கும், குறிப்பாக காப்பு சமூகத்துப் பெண்களுக்கும் பரவியது. 1970-களில் அந்த வட்டாரத்தில் லேஸ் பின்னிய பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மேசை விரிப்பு, தலையணை உறை, பார்டர் எல்லாம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

அந்தக் காலத்தில் மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் ஐ.எல்.ஓ. திட்டம் ஒன்றுக்காக அங்கே தங்கி ஆய்வு செய்தார். 1982-இல் புத்தகமாக வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், நரசாபுரத்து லேஸ் பின்னுபவர்கள்: இந்திய இல்லத்தரசிகள் உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்கிறார்கள். மீஸ் 2023-இல் காலமானார். பொருளாதாரம் படிக்கிறவர்கள் இந்த ஒரு புத்தகத்தையாவது தேடிப் படிக்க வேண்டும்.

அங்கே ஏற்றுமதியாளர் நூலைக் கொடுப்பார். நடுவில் ஏஜென்ட் வீடு வீடாகப் போய் நூல் கொடுத்து, பின்னியதை வாங்கி வருவார். கூலி பீஸ் ரேட். அயர்லாந்து மாதிரியே வேலை பிரிக்கப்பட்டிருந்தது. பூ பின்னுகிறவள் தனி. பூக்களை இணைப்பது தனி வேலை, அதற்குத் தெலுங்கில் 'அதுக்குப்பனி' என்று பெயர். பூ பின்னுகிறவளுக்குத் தன் பூ எந்த விரிப்பில் போய் உட்கார்ந்தது, அது என்ன விலைக்குப் போனது, எதுவும் தெரியாது. சமையல், பாத்திரம், பிள்ளை, மாடு எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். கூலியோ அன்றைய குறைந்தபட்சக் கூலியில் ஒரு சின்னப் பங்கு.

ஆறு மணி நேரம் உழைத்தவளை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தோழிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே பொழுதுபோக்காகப் பின்னுகிறாள் என்றார்கள். ஏற்றுமதியாளர் அப்படிச் சொன்னார், கணவர் சொன்னார், கூட்டுறவு அதிகாரியும் அதே பாட்டு. பொழுதுபோக்குக்குக் கிடைக்கிற காசு எவ்வளவாக இருந்தாலும் அது போனஸ்தானே? 'ஓய்வு நேரம்' என்ற ஒரே வார்த்தையால் ஒரு ஏற்றுமதித் தொழிலின் கூலிச் செலவையே அடிமட்டத்தில் வைத்திருக்க முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கு எத்தனையோ செலவுக் குறைப்பு முறை சொல்லித்தருகிறார்கள். இது அந்தப் பட்டியலில் கிடையாது!

இதைவிடக் கசப்பான ஒன்றையும் மீஸ் எழுதியிருக்கிறார். அதே ஊரில் வயல் வேலைக்குப் போன தலித் பெண்கள், லேஸ் பின்னியவர்களைவிட அதிகக் கூலி வாங்கினார்கள். ஆனாலும் லேஸ் பின்னியவர்கள் தங்களை அவர்களைவிட உயர்வாகத்தான் நினைத்தார்கள். நாங்கள் வெயிலில் நிற்பதில்லை, வாசலைத் தாண்டுவதில்லை, வீட்டுப் பெண்கள். அந்தக் கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை தினமும் கூலியிலிருந்து கழிந்துகொண்டே இருந்தது. வியாபாரம் பெருகப் பெருக, ஏஜென்ட் வேலையும் பெண்கள் கையிலிருந்து ஆண்கள் கைக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் வீட்டுக் கதையை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பேர் எங்கள் வீட்டில் கூடுவோம். என்னோடு படிக்கிற இரண்டு பேர், ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிற ஒரு அக்கா. ஆறு அங்குலச் சதுரங்களாகப் பின்னி ஒரு சிங்கிள் கட்டில் போர்வை. 60-க்கு 90 அங்குலம் என்றால் 150 சதுரம். பழகிய கைக்கு ஒரு சதுரம் 20 நிமிஷம், ஆக 50 மணி நேரம். கோர்க்க இன்னொரு 10 மணி. மணிக்கு வெறும் 50 ரூபாய் என்று போட்டாலே உழைப்பு மட்டும் 3,000 ரூபாய், நூல் செலவு தனி. அதே மாதிரி ஒரு போர்வை ஒரு கண்காட்சியில் 1,500 ரூபாய்க்குத் தொங்கியதை நாங்களே பார்த்தோம். அப்படியென்றால் அதைப் பின்னியவருக்கு மணிக்கு என்ன கிடைத்திருக்கும்?

இந்தக் கணக்கை நான் சத்தமாகப் போட்டபோது அந்த அக்கா சொன்னார்: "ஏய், போதும்டி உன் கணக்கு. அங்க லைன்ல நிமிஷத்துக்கு இத்தனை பீஸ்னு போர்டுல ஓடிக்கிட்டே இருக்கும். பாத்ரூம் போனாக்கூட நேரம் பார்க்கணும். இங்க யாரும் எண்ண மாட்டாங்கன்னுதான் நான் வர்றதே."

யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெண்களின் விரல் வேகத்தை நம்பித்தான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளே நடக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற அளவுக்கு ஒரு குடியிருப்பையே அரசு திறந்தது. அங்கே கைவேலைக்கு அடையாள அட்டை உண்டு, ஷிஃப்ட் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. எண்ணப்படுவதால் கிடைத்தவை அவை. ஆனால் எண்ணப்படுவதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓடி ஒளியவும் மனசு கேட்கிறது. அக்காவின் குரோஷா நிஜமாகவே ஓய்வு, ஏனென்றால் அவருக்கு வேறு சம்பளம் இருக்கிறது, நினைத்தால் ஊசியைக் கீழே வைக்கலாம். நரசாபுரத்துப் பெண்ணால் வைக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீட்டுத் திண்ணையும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நாலு பெண்கள், பேச்சு, சிரிப்பு, நூல் கண்டு. அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் கூலியைக் குறைத்தார்கள்.

சிரிப்பும் இருந்து கூலியும் கேட்ட இடம் ஏதாவது உண்டா என்று தேடியபோது அமெரிக்காவின் அலபாமா மாநிலம் அகப்பட்டது. அங்கே கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களின் வாரிசுகள். பெண்கள் பழைய வேலைச் சட்டை, மாவு மூட்டைத் துணி எல்லாவற்றையும் வெட்டி குவில்ட் தைப்பார்கள். குளிருக்குத்தான், அழகுக்கு இல்லை. நம் வீடுகளில் பாட்டியின் பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்குப் போடுவோமே, வங்காளத்தில் காந்தா என்கிறார்களே, அதே யோசனை. கூடி உட்கார்ந்து தைப்பதற்கு அங்கே பெயர் 'பீ'.

1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் சூடாக இருந்த நேரம். வாக்காளராகப் பதிந்தார்கள் என்பதற்காகவே குடியிருந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் நிறைய. கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கி, தையற்கூடம் கட்டி, அப்படித் துரத்தப்பட்டவர்களுக்கும் மனை கொடுத்தது. பெரிய கடைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். பணம் வந்தது, ஆனால் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல். தங்கள் இஷ்டத்துக்கு நிறம் சேர்த்த கைகளுக்கு அது சலிப்பான வேலைதான். கூட்டுறவு 2012-இல் மூடப்பட்டது. இடையில் 2002-இல் அதே ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்காகத் தைத்த பழைய குவில்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டு, நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். குளிருக்குத் தைத்தது கலையாகிவிட்டது. சம்பளத்துக்குத் தைத்த தலையணை உறைகளை யாரும் சுவரில் மாட்டவில்லை.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது? வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று ஐ.எல்.ஓ. 1996-இல் ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 177. அகமதாபாத்தின் சேவா அமைப்பு போன்றவை பல வருஷம் குரல் கொடுத்ததன் பலன் அது. குரோஷா, பீடி, அப்பளம், ஊதுவத்தி என்று இத்தனை வீட்டு வேலை நடக்கிற இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

2024-இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கொடுக்கிற பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. இனி வேறு ஊரில் பின்னியதையோ சீனாவிலிருந்து வந்த இயந்திர லேஸையோ நரசாபுரம் லேஸ் என்று விற்க முடியாது. வியாபாரத்துக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைத்தான் காக்கும். ஒரு பூவுக்கு எத்தனை ரூபாய் என்பதை இன்றும் நூல் கொண்டுவந்து கொடுக்கிறவர்தான் சொல்கிறார்.